மஞ்சக்குப்பம் டீமும் மஞ்சள் பனியனும்

உங்களில் யாருக்காவது மஞ்சக்குப்பம் ஃபுட்பால் டீம் ஞாபகம் இருக்கிறதா? கடலூரில் பிறந்து வளர்ந்துவிட்டு இல்லையென்று தலையாட்டினால் எனக்குக் கோபம் வரும். ரங்கூன் விழுந்த வருஷம் மட்டும் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஜப்பான்காரன் இன்றைக்குக் குண்டு போடுவான், நாளைக்குப் போடுவான் என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு மங்கலம்பேட்டைப் பக்கம் ஓடியதையும், ஆடி மாதத்துக்குள் அசடு வழியத் திரும்பி வந்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அதே வருஷம் மார்கழியில் ஒரு டீம் இருந்த இடம் தெரியாமல் போனதே, அதை யாரும் பேசுவதில்லை. பேச வேண்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு அப்போது பாவாடை தடுக்காமல் ஓடத் தெரிந்த வயது. மிச்சம் இருப்பது நான்தான், ஆகவே நான் சொல்கிறேன்.

பெரிய டீம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவர், கோர்ட்டில் நகல் எழுதுகிறவர்கள் சிலர், சர்ச் உபதேசியாருடைய மகன், தேவனாம்பட்டினத்திலிருந்து மணலில் ஓடி ஓடிக் கால் உரமேறிய இரண்டு மீனவப் பிள்ளைகள், இப்படிச் சேர்ந்த கூட்டம். ஒருவர் காலிலும் பூட்ஸ் கிடையாது. மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ரப்பர் கிடைக்கவில்லை. பந்துக்குள் இருக்கிற பிளாடருக்குச் சைக்கிள் கடைக்காரர் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் பந்து ஒரு பக்கமாகவே உருளும். அதற்கேற்றாற்போல் சாய்த்து உதைக்க எங்கள் ஆட்கள் பழகிவிட்டார்கள். நல்ல பந்து கொடுத்தால்தான் தடுமாறுவார்கள்.

என் அப்பா அந்த டீமுக்குச் செக்ரட்டரி. பந்தைக் காலால் தொட்டது கிடையாது. கோர்ட்டில் குமாஸ்தா. மனு எழுதச் சொன்னால் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதுவார், நீதிபதியே மெச்சுவார். வாய் திறந்து நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடும். அவர் டீமில் சேர்ந்ததே அவருடைய தம்பிக்காக. அந்தத் தம்பிதான் எங்கள் சித்தப்பா, கோல் காக்கிறவர், டீமின் கோலி.

சித்தப்பாவின் கை முழங்கால் வரை நீளும் என்று அம்மா கேலி செய்வாள். வீட்டில் எது விழுந்தாலும் தரையைத் தொடாது. அடுக்கிலிருந்து நழுவுகிற டம்ளர், மரத்திலிருந்து விழுகிற பப்பாளி, ஒருமுறை தொட்டிலிலிருந்து உருண்ட என் தம்பி, எல்லாம் அவர் கையில்தான் போய் உட்காரும். பரீட்சை மட்டும் கையில் நிற்கவில்லை. பத்தாவதில் தவறியதிலிருந்து அண்ணன் வீட்டுச் சோறு. அதில் அவருக்கு வெட்கம் இருந்தது. மறுசோறு கேட்கமாட்டார். அம்மா கேட்காமலே போட்டுவிட்டு, "பந்து பிடிக்கிற ஆளுக்கு இதுகூட எறங்கலன்னா எப்படி?" என்பாள்.

அம்மாவுக்கு அவர்மேல் அக்கறை இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிதம்பரம் தெற்கு வீதியில் அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணத்துக்கு இருந்தாள். தங்கையைக் கொழுந்தனுக்கே கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கனவு. சித்திக்கும் சம்மதம்தான். சித்தப்பாவுக்கும் சம்மதம் என்பது சிதம்பரம் என்ற பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதிலிருந்து எல்லோருக்கும் தெரியும். அம்மாவைப் பெற்ற தாத்தா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கைக்கு ஒரு உத்தியோகம் வரட்டும். அடுத்த முகூர்த்தத்துல முடிச்சுடறேன்."

அந்த உத்தியோகம் வரும்போல இருந்தது. புரட்டாசியில் எங்கள் டீம் சிதம்பரத்துக்கு ஆடப் போனது. அப்பா என்னையும் அழைத்துப் போனார். அண்ணாமலை நகரில் பெரிய மைதானம், எதிர் டீமில் எல்லாம் காலேஜ் படிக்கிற பையன்கள், ஆளாளுக்கு பூட்ஸ். எங்கள் ஆட்கள் தோற்றார்கள். வருஷா வருஷம் சிதம்பரத்திடம் தோற்பது வழக்கம்தான். ஆனால் அன்றைக்குத் தோற்ற டீமின் கோலியைச் சிதம்பரம் பையன்களே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பந்தைப் பிடித்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் நாங்கள் தாத்தா வீட்டில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். பரிமாறியது சித்தி. சித்தப்பா தலையை நிமிர்த்தவே இல்லை, கொத்சு மட்டும் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தி உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

அன்று ஆட்டம் பார்த்தவர்களில் திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் மாஸ்டரும் ஒருவர். அவர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "ரயில்வே டீமுக்கு ஒரு கோலி தேடிக்கிட்டு இருக்காங்க. ஆடற பையனுக்கு வொர்க் ஷாப்புல வேலை போட்டுக் குடுப்பாங்க. மார்கழியில சிதம்பரம் டீம் உங்க ஊருக்கு வருதில்ல? அன்னிக்கு எங்க துரைய அழைச்சாறேன். தம்பி ஆட்டத்தக் காட்டிடுங்க, போதும்."

அன்றிலிருந்து அப்பா நிலைகொள்ளவில்லை. தம்பி ஆட வேண்டும், துரை பார்க்க வேண்டும், அவ்வளவுதானே காரியம்? அப்பாவுக்கு அது போதவில்லை. ஆளுக்கொரு சட்டை போட்டுக்கொண்டு ஆடினால் துரை என்ன நினைப்பார்? டீம் முழுக்க ஒரே நிறத்தில் பனியன் வேண்டும், மஞ்சக்குப்பம் என்பதால் மஞ்சள் வேண்டும் என்றார். யுத்த காலத்தில் சாயத்துக்கு எங்கே போவது? அம்மா வெந்நீர்த் தவலையில் மஞ்சளைக் கொதிக்கவிட்டு, படிக்காரம் போட்டு, அத்தனை வெள்ளை பனியனையும் முக்கி எடுத்தாள். வீடெல்லாம் மஞ்சள் வாசனை. என் விரல் நகம் கார்த்திகை முழுக்க மஞ்சளாகவே இருந்தது. நிழலில் காயவைத்து மடித்துக் கொடுக்கும்போது அம்மா ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"ஏங்க, இதுல சோப்பு மட்டும் போடக் கூடாது. பட்ட எடமெல்லாம் செவந்துடும். சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றார் அப்பா. டீமில் எல்லோரிடமும் சொல்லவும் சொன்னார்.

அதோடு விட்டாரா? எங்கள் மைதானத்தில் கோடு என்றால் மண்வெட்டியால் கீறிவிட்டு மேலே அடுப்புச் சாம்பலைத் தூவுவதுதான். துரை வருகிற அன்றைக்குச் சாம்பலா என்று அப்பாவுக்கு ஆகவில்லை. "சுடுகாடு மாதிரி இருக்கும்டா" என்று சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி, கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு மூட்டை மூட்டையாகத் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியது. கோர்ட்டில் காகிதக் கட்டுக் கட்டுகிற சணலைப் பிடித்து, நேராகக் கோடு போட்டார்கள். கோல் கம்பத்துக்கு நடுவே மட்டும் பட்டையாக, இரண்டு கை அகலத்துக்குக் கொட்டினார்கள். அப்பா தள்ளி நின்று பார்த்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். பிரமாதமாக இருந்தது.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். நம் வீடுகளில் ஆரத்தி கரைக்காத பெண்பிள்ளை உண்டா? மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று மூன்று வயதுக் குழந்தை சொல்லும். ஆனால் ஆரத்தி கரைக்கிற யாரும் ஆட்டத்துக்கு முன்னால் அந்த மைதானத்துப் பக்கம் போனதில்லை. கோடு போட்ட யாரும் ஒருநாளும் ஆரத்தி கரைத்ததில்லை. வாசலில் நின்று சுற்றிக்கொண்டதோடு சரி.

ஆட்டத்துக்கு முதல் நாள் வரை மழை விடவில்லை. அன்று காலையில் வெறித்து, பிற்பகலில் சுள்ளென்று வெயில். புல்லெல்லாம் ஈரம், காலையில் மறுபடி கொட்டிய கோடு ஈரச் சுண்ணாம்பாகப் பளபளத்தது. கோர்ட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலியில் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா துரைக்கு ஒரு இளநீர் கொடுத்துவிட்டு, பேசப் பயந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

ஆரம்பத்திலேயே எங்கள் மீனவப் பையன் ஒருவன் ஒரு கோல் போட்டுவிட்டான். அதன் பிறகு சிதம்பரத்துக்காரர்கள் விடவில்லை. பந்து எங்கள் கோலையே சுற்றிச் சுற்றி வந்தது. சித்தப்பா தட்டினார், குத்தினார், எகிறிப் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் துரை முன்னால் சாய்ந்து பார்த்தார். ஒருமுறை ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஏதோ சொல்ல, அவர் அப்பாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அப்பா என் கையை நசுக்கினார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். பூட்ஸ் போட்ட ஒரு நெட்டைப் பையன் கிட்டத்தில் நின்று ஓங்கி உதைத்தான். சித்தப்பா குறுக்கே பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோல் கோட்டின் மேலேயே குப்புற விழுந்தார். முகமும் நெஞ்சும் அந்தப் பட்டைச் சுண்ணாம்பில். ஊரே கத்தியது. அவர் எழுந்தார். மூக்கிலும் வாயிலும் சுண்ணாம்பு ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருமினார். இருமி நிமிர்ந்தபோது நெஞ்செல்லாம் செக்கச்செவேலென்று இருந்தது. வியர்வையோடு சேர்ந்து வயிறு வரை வழிந்தது. பந்தை நெஞ்சோடு அணைத்து, பிறகு வாயைப் பொத்திய கையும் சிவப்பு.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா தம்பிக்குச் சுற்றிப்போடும்போது சுண்ணாம்பை விரலில் தொட்டுத் தட்டில் கரைப்பது என் வேலை. "அப்பா, அது ஆரத்திப்பா" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் காதில் விழவில்லை. அவருடைய அப்பா, என் இன்னொரு தாத்தா, காசநோயில் ரத்தமாக இருமி இருமிச் செத்தவர். பக்கத்திலிருந்து கிண்ணம் பிடித்தவர் அப்பா. அவர் கண்ணுக்கு வேறென்ன தெரியும்?

"ஐயோ ரத்தம்! எங்கப்பாவ கொண்டுபோன காசம் என் தம்பிக்கும் வந்துடுச்சே!"

கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஓடினார். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. துரை என்ன என்று கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் நாணயமான மனிதர். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். துரை கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து ஜட்காவைப் பார்த்து நடந்தார்.

"அண்ணே, இன்னாண்ணே நீ! சுண்ணாம்புண்ணே இது. தொட்டுப் பாரு" என்று சித்தப்பா சிரித்தார். அப்பா தொட்டார், முகர்ந்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. அந்த ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். சிதம்பரத்தை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஒருவரும் கைதட்டவில்லை.

அப்பா வீட்டுக்கு ஓடிவந்தார். "மஞ்சத்தூள் எடு, சுண்ணாம்பு எடு, தட்டு எடு" என்று கத்தினார். நடந்ததைக் கேட்ட அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சுண்ணாம்புலயா கோடு போட்டீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"மைதானத்துக் கதைய உங்கிட்ட எதுக்குடி சொல்லணும்?"

கேட்டுவிட்டு, சுண்ணாம்பு டப்பாவைத் தேடி அவரே உள்ளே போனார்.

துரைக்குச் சாயங்கால ரயில். அதற்குள் அவர் கண்முன்னால் கரைத்துக் காட்டி, ரத்தமில்லை என்று நிரூபித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். கோர்ட்டுக்காரர் அல்லவா, சாட்சி இருந்தால் போதும் என்று நம்பினார். எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாததால் என்னையும் தூக்கிக்கொண்டு ஓடினார். திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றுவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் இஞ்சின் பக்கம் போயிருந்தார். முதல் வகுப்பு ஜன்னலில் துரையின் முகம். அப்பா என்னை இறக்கிவிட்டு, "கரைம்மா, சீக்கிரம் கரை" என்றார். நான் தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சளைக் கலக்கி, சுண்ணாம்பைத் தொட்டேன். தட்டு முழுக்கச் சிவப்பு ஓடியது. இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலுக்கு நேரே காட்டினேன்.

"சார், சீ சார். நாட் ப்ளட் சார். ஆரத்தி சார், ஆரத்தி" என்றார் அப்பா. அதற்குமேல் அவருக்கு இங்கிலீஷ் வரவில்லை. நீதிபதி மெச்சிய இங்கிலீஷ் அத்தனையும் எங்கேயோ போய்விட்டது.

துரைக்கு ஆரத்தி என்ற சொல் புரிந்தது. அவர் நம் நாட்டில் வெகுகாலம் இருந்தவர். முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வெள்ளிக்காசை எடுத்து, மரியாதை தெரிந்த பெரிய மனிதர் செய்வதுபோல, என் தட்டில் போட்டார். "தேங்க்யூ, தேங்க்யூ" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். ரயில் நகர்ந்தது. அப்பா கூடவே கொஞ்ச தூரம் ஓடினார், வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. துரை கடைசிவரை கையை ஆட்டிக்கொண்டே போனார். நம் வழக்கம் தெரியாதவராக இருந்திருந்தால் இது என்ன என்றாவது கேட்டிருப்பாரே என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பா மனுமேல் மனு எழுதினார். பதில் வரவில்லை. சித்தப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனார். இங்கே பார்த்ததில் ஒன்றும் இல்லை, நிச்சயமாகச் சொல்ல மதராஸில் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஊர் அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சுண்ணாம்பு என்பதை யாரும் மறுக்கவில்லை. "செவப்பு சுண்ணாம்புதான்யா, சரி. இருமினது? கூடப்பொறந்த அண்ணனே காசம்னு கத்தினாருன்னா வெசயம் இல்லாமயா இருக்கும்?" என்றார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அப்பா கோர்ட்டு வரை போய் மறுத்திருப்பார். சொன்னது அவர் வாய். அதற்கு எங்கே போய் மறுப்பது?

டீமுக்கு ஒரு பானைத் தண்ணீர், ஒரே டம்ளர். முதலில் சைக்கிள் கடைக்காரர் தனியாக ஒரு டம்ளர் கொண்டுவர ஆரம்பித்தார். பிறகு உபதேசியார் மகன் வீட்டில் விடவில்லை என்றான். பொங்கலுக்குள் சாயங்காலத்தில் மைதானத்தில் ஆள் இல்லை. யாரும் டீமைக் கலைக்கவில்லை. வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். சித்தப்பா மட்டும் கொஞ்ச நாள் போய், கம்பத்துக்கு நடுவில் நின்றுவிட்டு வருவார். அவரிடம் பந்து உதைக்க ஆளில்லை.

சிதம்பரத்திலிருந்து தாத்தா வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மாப்ள, நான் பொண்ணப் பெத்தவன். என்னைத் தப்பா நினைக்காதீங்க." மாசியில் சித்தியை மாயவரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க சித்தப்பா சாப்டறாரா?" என்று மட்டும் கேட்டாள். சித்தி, சித்தப்பா என்று நாம் ஒரே மூச்சில் சொல்வோமே, எனக்கு அந்த இரண்டு சொல்லும் கடைசிவரை தனித்தனியாகவே நின்றுபோயின.

பங்குனியில் மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற கூடாரம் போட்டார்கள். சித்தப்பா போய் வரிசையில் நின்றுவிட்டார். சேதி தெரிந்து அம்மா அழுதாள். "போய்த் தடுங்க, உங்க சொல்ல மீறமாட்டாரு" என்று அப்பாவைத் துரத்தினாள். அப்பா போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் மார்கழிக்குப் பிறகு பார்த்ததில்லை. கையில் ஒரு பொட்டலம் லட்டு.

"டாக்டர் நெஞ்சுல கொழல வச்சுப் பாத்தாரு. தட்டிப் பாத்தாரு. மூச்ச இழுக்கச் சொல்லிப் பாத்தாரு. முதல் தரம்னு சொல்லிட்டாரு! பட்டாளத்து டாக்டர்! இந்த மாதிரி நெஞ்சு இந்த ஜில்லாவுலயே பாத்ததில்லன்னாரு!"

"தடுக்கலையா?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. லட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டீம் ஆட்கள் வீட்டுக்கெல்லாம் போனார். மறுநாள் சிதம்பரம் போய்த் தாத்தாவிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். சைக்கிள் கடைக்காரர் அழுதேவிட்டாராம். மார்கழியிலிருந்து அப்பா ஏங்கிக்கிடந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான், அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர் கடைசியில் கிடைத்துவிட்டார். சித்தப்பாவுக்கு முதல் தரம் கொடுத்த அதே நிமிஷத்தில் அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள் என்பதை அப்பா அன்றைக்கு யோசிக்கவில்லை. ரயிலேற்றிவிட்டு வந்த பிறகுதான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பா அஸ்ஸாம் பக்கம் ஏதோ காட்டில் இறந்துபோனார். உடல் வரவில்லை, சேதிதான் வந்தது. காரியத்துக்குப் பழைய டீம் ஆட்கள் அத்தனை பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்பா பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் முன்னால் குனிந்து நின்றார். சாப்பிடச் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நெஞ்சு முதல் தரம்னு டாக்டரே சொன்னாருப்பா" என்றார் ஒவ்வொருவரிடமும். "ஆமாண்ணே" என்றார்கள் ஒவ்வொருவரும்.